வெள்ளை உருண்டையும் ஒரு நுண்ணிய ஊசியும்

(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரை)



மருத்துவம் பற்றிப் பேசும்படி சங்கச் செயலாளர் கேட்டுக்கொண்டார். நீரிழிவு பற்றியும் இரத்த அழுத்தம் பற்றியும் நீங்கள் போதுமான அளவு கேட்டிருப்பீர்கள். எலும்பு முறிவு விடுதியில் கடமையாற்றும் நாங்கள் இன்று ஒரு வெள்ளை உருண்டையின் கதையைச் சொல்கிறோம். இடுப்பு மூட்டு தேய்ந்தால் தொடையெலும்பின் தலையை வெட்டி எடுத்துவிட்டு வேறொரு தலையைப் பொருத்துவோம். அது உலோகமாக இருக்கலாம், சுட்டெடுத்த செரமிக்காகவும் இருக்கலாம். 1980களில் வந்த ஒரு செரமிக்கின் பெயர் சேர்க்கோனியா.

இந்தப் பெயருக்கும் நமது நாட்டுக்கும் உறவு உண்டு. 1789இல் பேர்ளினில் கிளாப்ரோத் என்ற இரசாயனவியலாளர் சேர்க்கோனியத்தை இனங்கண்டது இலங்கையிலிருந்து சென்ற ஒரு சேர்க்கோன் கல்லில்தான். புல்மோட்டைக் கடற்கரை மணலிலும் இல்மனைற்று, உரூற்றைல் ஆகியவற்றோடு சேர்க்கோன் கலந்திருக்கிறது.

சேர்க்கோனியாவுக்கு ஒரு வினோத குணம் உண்டு. ஏறத்தாழ 1170 பாகை செல்சியசுக்கு மேல் அதன் பளிங்குகள் நிமிர்ந்த பெட்டிபோல இருக்கும். ஆறும்போது பெட்டி ஒரு பக்கம் சாய்ந்துவிடும். சாயும்போது கனவளவு 4 முதல் 5 வீதம் வரை பெருக்கும். இதுதான் அவத்தை மாற்றம். தூய சேர்க்கோனியாவில் பாத்திரம் செய்தால் ஆறும்போதே வெடித்துச் சிதறும். ஆனால் சிறிதளவு இற்றியம் ஒட்சைட்டைச் சேர்த்துச் சுட்டால், பளிங்குகள் அறை வெப்பநிலையிலும் சாயாமல் நிமிர்ந்தே நிற்கும்.

அப்படி நிற்கும் பளிங்குகள் ஒரு காவற்படை. எங்காவது வெடிப்பு ஒன்று தொடங்கினால், அதன் முனையில் உள்ளவை சாய்ந்து பருத்து, வெடிப்பை நெரித்து நிறுத்திவிடும். 1975இல் அவுஸ்திரேலியாவில் கார்வி, ஹனிங்க், பாஸ்கோ ஆகிய மூவரும் இதனை அறிவித்தபோது, இது செரமிக் உருக்கா என்ற கேள்வியையே கட்டுரைக்குத் தலைப்பாக வைத்தார்கள். அவ்வளவு வலிமை. எலும்பு வைத்தியர்கள் மகிழ்ந்ததில் வியப்பில்லை.

ஆனால் படையைக் கூப்பிடுவது வெடிப்பு மட்டுமல்ல, நீரும்தான். 1981இல் யப்பானில் கோபயாஷி குழுவினர் இதைக் காட்டினார்கள். ஈரப்பதன் பட்டால், எந்த வெடிப்பும் இல்லாமலே மேற்பரப்புப் பளிங்குகள் சாயத் தொடங்கும். மேற்பரப்பு கரடாகும், நுண்வெடிப்பு விழும், அதன் வழியே நீர் மேலும் உள்ளே போகும். மனித உடல் முழுவதும் நீர்தானே! உடல் வெப்பநிலையில் இது மிக மெதுவாகவே நடக்கும், கவலை வேண்டாம் என்று அன்று கருதப்பட்டது.

2001இல் அந்த நம்பிக்கை உடைந்தது. பிரான்சில் செய்யப்பட்ட ஏறத்தாழ 400 சேர்க்கோனியாத் தலைகள் குறுகிய காலத்தில் நோயாளரின் உடலுக்குள்ளேயே உடைந்தன. ஆராய்ந்து பார்த்தபோது, அவற்றிற் பெரும்பாலானவை குறிப்பிட்ட சில தொகுதிகளைச் சேர்ந்தவை என்று தெரிந்தது. தொகுதி தொகுதியாக அடுக்கிச் சுடும் உலைக்குப் பதிலாக, ஒரு முனையால் புகுந்து மறுமுனையால் வெளிவரும் சுரங்க உலை 1998இல் கொண்டுவரப்பட்டிருந்தது. மண் அதே மண், உலை மாத்திரமே வேறு.

இங்கேதான் அணுவிசை நுணுக்குக்காட்டி வருகிறது. 1986இல் பின்னிக், குவேற், கேர்பர் ஆகியோர் உருவாக்கிய இக்கருவியில் வில்லையும் இல்லை, ஒளியால் பார்ப்பதும் இல்லை. மெல்லிய வளையும் தகடு ஒன்றின் நுனியில் மிகக் கூரான ஊசி இருக்கும். பார்வையற்றவர் விரலால் பிறெயில் எழுத்தை வாசிப்பதுபோல அது மேற்பரப்பைத் தடவிச் செல்லும். தகட்டின் முதுகில் பட்டுத் தெறிக்கும் லேசர்க் கதிர், ஊசி எவ்வளவு ஏறி இறங்கியது என்று சொல்லும். ஒரு நனோமீற்றர் உயரத்தையும் அது தவறவிடாது. ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் நனோமீற்றர்.

லியோன் நகர ஆய்வாளர்கள் சேர்க்கோனியாத் துண்டைக் கண்ணாடிபோலத் தேய்த்து, 134 பாகை நீராவியில் வைத்து எடுத்து, அதே இடத்தை ஊசியால் மறுபடி மறுபடி தடவினார்கள். உடலில் ஆண்டுக் கணக்கில் நடப்பதை நீராவி மணிக் கணக்கில் காட்டிவிடும். எக்ஸ்-கதிர்ச் சோதனை பரந்த பரப்பின் சராசரியைத்தான் தரும். தொடக்கத்தில் சாயும் ஒருசில மணிகள் அதில் அகப்படா. ஊசிக்கோ ஒரேயொரு மணி மேலெழுந்ததும் தெரிந்தது. அந்த மணி பருத்துப் பக்கத்து மணியை நெருக்க, அதுவும் சாய்ந்தது. மழைக்குப் பின் சுவரில் பாசி படர்வதுபோலப் புள்ளிகள் தோன்றி, அகன்று, ஒன்றோடொன்று கலந்தன. எந்த மாதிரி விரைவில் முதுமையடையும், எது தாக்குப்பிடிக்கும் என்று முன்கூட்டியே மதிப்பிட இது உதவியது. இன்று இடுப்பு மூட்டுக்குத் தனிச் சேர்க்கோனியாவை விட்டு, அலுமினாவுக்குள் சிறிதளவு சேர்த்த கலவையைப் பயன்படுத்துகிறோம். பல் வைத்தியர்கள் பொருத்தும் வெள்ளை உறைகளில் சேர்க்கோனியா இன்னும் இருக்கிறது.

இதனால் நமக்கென்ன என்று கேட்பீர்கள். இரண்டு காரியங்கள் உண்டு.

முதலாவது, இந்த மண்டபத்திலும் ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் மாற்று மூட்டுகளோடு நடமாடும் அக்காமார் பலர். இப்படியொரு தொகுதி பழுதென்று அறிவிக்கப்பட்டால், அது யாருடைய இடுப்பில் இருக்கிறது என்று காட்டுவது சத்திரசிகிச்சைக் குறிப்பில் ஒட்டப்படும் ஒரு சிறு துண்டுதான். எங்கள் கிளினிக்குக்கு வருவோரிற் சிலரிடம் அது இல்லை. இடம்பெயர்வில் தொலைந்தது, வெள்ளத்தில் போனது, வேறு நாட்டில் செய்தது என்பார்கள். அவர்களுக்கு நாங்கள் உறுதியாக ஒன்றும் சொல்ல முடிவதில்லை. ஆகவே மூட்டு மாற்றியவர்கள், பொருளின் பெயரையும் தொகுதி இலக்கத்தையும் கேட்டு வாங்கி, பிறப்புச் சான்றிதழோடு வையுங்கள். பிள்ளைகளிடம் ஒரு பிரதி கொடுங்கள்.

இரண்டாவது, தொண்ணூறுகளில் நாங்கள் உயர்தரம் படித்தபோது மின்சாரம் இருக்கவில்லை. ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். ஆய்வுகூடத்தில் இருந்த ஒரு நுணுக்குக்காட்டியை வரிசையில் நின்று பார்த்தோம். உயிரியல் படித்தவர்கள் வைத்தியராக வேண்டும் என்பதே வீட்டாரின் கனவு. பௌதிகவியலை சித்திக்கான பாடமாகவே கண்டோம். ஆனால் நோயாளரின் இடுப்பில் உடைந்ததை விளங்கிக்கொள்ளப் பௌதிகவியலும் இரசாயனவியலும் உலை வேலை தெரிந்தவரும் தேவைப்பட்டார்கள். வைத்தியர் தனித்து எதையும் கண்டுபிடிக்கவில்லை.

நூற்றாண்டு நிதியில் நுழைவாயிலும் அரங்கும் எழுவதில் எங்களுக்கும் பெருமையே. அதில் ஒரு பங்கைப் பௌதிகவியல் ஆய்வுகூடத்துக்கு ஒதுக்குவோம். வாங்கும் கருவிகளை அலுமாரியில் பூட்டாமல் பிள்ளைகள் கையில் கொடுப்போம். பொருட்களைப் படிக்க விரும்பும் தங்கையிடம், "மெடிசின் கிடைக்கவில்லையா?" என்று கேட்காதிருப்போம்.

அன்னையின் புகழ் ஓங்குக.