சிறைக்கதவு திறக்கும் நாள்

அனுராதபுரத்திலிருந்து ஆண்ட எல்லாளன் என்னும் தமிழ் மன்னனின் படுக்கையருகே ஒரு மணி தொங்கியதாக மகாவம்சம் கூறுகின்றது. அம்மணியிற் கட்டிய நீண்ட கயிற்றை, நீதி வேண்டி வருவோர் எவராயினும் இழுக்கலாம். கன்றைத் தேர்க்காலில் இழந்த பசுவொன்று வந்து இழுத்தது. தேரைச் செலுத்தியவன் தன் மைந்தன் என்றும் பாராது மன்னன் தண்டம் விதித்தான். திருவாரூரில் மனுநீதிச் சோழன் கதையாக வழங்குவதும் இதுவே.

இக்கதையைக் கேட்டு வளர்ந்தோர் பலர். ஆனால் தண்டம் நிறைவேறிய பின்னர் அந்தப் பசு என்னாயிற்று என்று வினவியவர் அரியர். கதை அரசனின் நேர்மையோடு முடிந்துவிடுகின்றது. கன்றில்லாத தொழுவத்திற்குத் திரும்பிய தாயைப் பற்றி அது பேசவில்லை.

இன்றைய நீதிமுறையிலும் இந்த மௌனம் உண்டு. குற்றம் என்பது அரசுக்கு எதிராக இழைக்கப்பட்டதாகவே கருதப்படுகின்றது. வழக்கை அரசே நடத்துகின்றது. பாதிக்கப்பட்டவர் சாட்சிக் கூண்டில் ஏறித் தம் துயரைச் சொல்லி இறங்குகின்றார். தீர்ப்புக் கூறப்பட்டதும் அவர் வேலை முடிந்ததென வீட்டுக்கு அனுப்பப்படுகின்றார். குற்றவாளியோ சிறைக்குச் செல்கின்றார். அவர் உள்ளே வந்த நாள், உடல் நலம், தண்டனைக் காலம், வெளியேறும் நாள் அனைத்தும் ஏட்டில் ஏறுகின்றன. அந்த ஏட்டில் பாதிக்கப்பட்டவருக்கு நெடுங்காலம் ஒரு வரியேனும் இருந்ததில்லை. ஒருவரின் விடுதலை நாள் மற்றொருவரின் அச்சம் தொடங்கும் நாளாகவும் இருக்கக்கூடும் என்பதை எவரும் எண்ணவில்லை.

இதன் கடுமை, தலைநகரை விட்டுத் தொலைவிலுள்ள ஊர்களிலேதான் நன்கு விளங்கும். திருகோணமலை மாவட்டத்துக் கிண்ணியாப் பகுதியில் குறிஞ்சாக்கேணி என்னும் ஊர் இருக்கின்றது. கடலும் களப்பும் வயலும் சூழ்ந்த இடம். 2009ஆம் ஆண்டு திறக்கப்பட்ட நீண்ட பாலம் கிண்ணியாவைத் திருகோணமலைக்கு அண்மையாக்கிற்று. ஆனால் குறிஞ்சாக்கேணியில் 2021ஆம் ஆண்டு புதிய பாலத்துக்கான வேலை தொடங்கியிருந்த காலத்தில், மக்கள் படகுப் பாதையில் ஏறியே நீரைக் கடந்தனர். அவ்வாண்டு நவம்பர் 23ஆம் நாட் காலை அப்படகுப் பாதை கவிழ்ந்தது. பள்ளிக்கூடம் செல்லப் புறப்பட்ட சிறுவர் உட்பட ஆறு பேர் அன்று உயிரிழந்தனர். பின்னர் அத்தொகை மேலும் உயர்ந்தது. ஊரே கொதித்தெழுந்தது. நிகழ்ச்சி தொடர்பாகச் சிலர் கைதாகி நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டனர்.

குற்றம் எவருடையது என்பதைத் தீர்மானிப்பது நீதிமன்றத்தின் பணி. ஆயினும், பிள்ளையை நீருக்குக் கொடுத்த ஒரு தாயின் நிலையிலிருந்து நோக்கினால் வேறு சில கேள்விகள் எழும். கைதானவர் இன்று எங்கே இருக்கின்றார்? பிணையில் வந்துவிட்டாரா? அடுத்த தவணை எந்நாள்? வழக்கு எவ்வாறு முடிந்தது? இவற்றைத் தாய்க்கு அறிவிக்க வேண்டியவர் யார்? சந்தையிலோ, பள்ளிவாசல் முற்றத்திலோ, மீன்வாடியிலோ எவரோ சொல்லக் கேட்டுத்தான் அவர் அறிந்துகொள்ள வேண்டுமா?

இக்கேள்விகளுக்கு இலங்கைச் சட்டம் விடை கூறுகின்றது. 1985ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை, குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கான நீதிக் கோட்பாடுகளைப் பிரகடனம் செய்தது. பாதிக்கப்பட்டோர் பரிவோடும் கண்ணியத்தோடும் நடத்தப்பட வேண்டும். தம் வழக்கின் போக்கை அவர்கள் அறிய வேண்டும் என்பன அதன் சாரம். முப்பது ஆண்டுகள் கழித்து, 2015ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம் இலங்கையில் நிறைவேறிற்று. குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் உதவியும் பாதுகாப்பும் அளிப்பது அதன் நோக்கம். அதற்கென ஒரு தேசிய அதிகார சபையும் அமைந்தது. அச்சட்டத்தின் இடத்தில் 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் பின்னர் வந்தது.

அடிபட்டவர் மட்டுமல்லர், அவருடைய குடும்பத்தாரும் இச்சட்டத்தின் கண்ணில் பாதிக்கப்பட்டோரே. விசாரணையின் முன்னேற்றம், வழக்குத் தவணை, சந்தேக நபரின் பிணை, தண்டனை பெற்றவரின் விடுதலை ஆகியவற்றை அறியும் உரிமை அவர்களுக்கு உண்டு. இன்னொரு முக்கியமான உரிமையும் 2015ஆம் ஆண்டிலேயே சட்டத்தில் இடம்பெற்றது. தண்டனை பெற்ற ஒருவருக்கு மன்னிப்போ தண்டனைக் குறைப்போ வழங்க எண்ணினால், பாதிக்கப்பட்டவருக்கு அது முன்னரே அறிவிக்கப்படல் வேண்டும். அக்குற்றம் தம் உடலையும் மனத்தையும் தொழிலையும் வருவாயையும் எவ்வாறு தாக்கியதென்பதை, அதிகார சபையின் வாயிலாக, மன்னிப்பு வழங்குபவரிடம் அவர் தெரிவிக்கலாம்.

ஏட்டில் எழுதிய உரிமைக்கும் கையில் கிடைக்கும் உரிமைக்கும் இடையே ஒரு களப்பு கிடக்கின்றது. 2005ஆம் ஆண்டு இராஜகிரியவிலுள்ள றோயல் பார்க் மாடிக் குடியிருப்பில் ஓர் இளம்பெண் கொலையுண்டார். குற்றவாளிக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனையை உயர் நீதிமன்றமும் உறுதிசெய்தது. 2019ஆம் ஆண்டு நவம்பரில் அவருக்கு ஜனாதிபதியின் மன்னிப்புக் கிடைத்தது. யாழ்ப்பாணத்து மிருசுவிலில் 2000ஆம் ஆண்டு டிசம்பரில் சிறுவர் உட்பட எட்டுப் பொதுமக்கள் கொல்லப்பட்டனர். அதற்காக 2015ஆம் ஆண்டு மரண தண்டனை பெற்ற இராணுவ வீரருக்கு 2020ஆம் ஆண்டு மார்ச்சில் மன்னிப்பு வழங்கப்பட்டது. முன்னறிவித்தலை உரிமையாக்கிய சட்டம் நடைமுறையில் இருந்த காலத்திலேயே இவ்விரண்டும் நிகழ்ந்தன. இரண்டையும் எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் மனுக்கள் தாக்கலாயின. றோயல் பார்க் வழக்கில் வழங்கிய மன்னிப்புச் செல்லாதென 2024ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள் அம்மன்று தீர்ப்பளித்தது. மன்னிக்கும் அதிகாரமும் சட்டத்துக்கு உட்பட்டதே என்பதை அத்தீர்ப்பு உணர்த்திற்று.

அறிவிக்கத் தவறுவதால் உயிரே போகக்கூடும் என்பதற்குக் கடல் கடந்த நாடொன்றில் சான்று உண்டு. அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில், ஒரு பெண்ணுக்குக் கொடுமை இழைத்தவன் சிறையிலிருந்து பிணையில் வெளிவந்தான். அச்செய்தி அவளுக்கு எட்டவில்லை. 1993ஆம் ஆண்டு டிசம்பர் 6ஆம் நாள், அவளது இருபத்தோராம் பிறந்த நாளன்று, அவன் அவளைச் சுட்டுக் கொன்றான். மறு ஆண்டே அப்பகுதியில் புதிய ஏற்பாடொன்று பிறந்தது. சிறையில் இருப்பவர் வெளியேறியதும், பதிவுசெய்துகொண்ட பாதிக்கப்பட்டவருக்குத் தொலைபேசி தானே மணியடித்துச் செய்தி சொல்லும். இன்று அந்நாட்டின் பல மாநிலங்களில் அம்முறை பரவியிருக்கின்றது. இங்கிலாந்திலோ, கடுங்குற்றங்களால் பாதிக்கப்பட்டோர் விரும்பினால், குற்றவாளியின் விடுதலை பற்றித் தெரிவிக்கத் தனி அலுவலர் நியமிக்கப்படுகின்றார்.

குறிஞ்சாக்கேணி போன்ற ஊருக்கு இவ்வுரிமை வந்து சேர வேண்டுமாயின், பெரும் பொருட்செலவு தேவையில்லை. முதலாவது, சிறைச்சாலையின் ஏட்டில் பாதிக்கப்பட்டவரின் பெயருக்கும் தொடர்புக்கும் ஓர் இடம் வேண்டும். அவ்விடம் கைதியின் கண்ணில் படாதபடி காக்கப்படவும் வேண்டும். இரண்டாவது, செய்தி விடுதலைக்கு முன்னரே புறப்பட வேண்டும். பின்னர் வரும் செய்தியால் எவரையும் காக்க இயலாது. மூன்றாவது, அது தமிழில் அமைய வேண்டும். 1987ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. பிறிதொரு மொழியில் வந்த கடிதத்தைப் படித்துச் சொல்லுமாறு அயலவரிடம் கொடுக்க நேர்ந்தால், மறைவாக இருக்க வேண்டிய துயர் தெருவுக்கு வந்துவிடும். நான்காவது, கடிதத்தோடு மனிதரும் வேண்டும். கிராம உத்தியோகத்தரோ, பிரதேச செயலகத்துப் பெண் அலுவலரோ நேரிற் சென்று, அச்சம் இருந்தால் எங்கே முறையிடலாம் என்பதையும் சொல்ல வேண்டும்.

அதுவரை மக்களும் வாளாவிருத்தல் ஆகாது. முறைப்பாடு செய்தவர் அதன் இலக்கத்தையும் நாளையும் குறித்து வைத்தல் நன்று. வீடு மாறினாலோ தொலைபேசி இலக்கம் மாறினாலோ பொலிஸ் நிலையத்துக்கு அறிவித்தல் வேண்டும். பிணை, தவணை, விடுதலை ஆகியவை பற்றி எழுத்திலே கேட்டல் வேண்டும். வழி தெரியாதவருக்குச் சட்ட உதவி ஆணைக்குழு வழி காட்டும்.

இவையெல்லாம் கைதிக்கு எதிரான ஏற்பாடுகள் என்று சிலர் கருதலாம். அவ்வாறன்று. தண்டனைக் காலம் முடிந்தவர் வெளியே வருவது அவருடைய உரிமை. திருந்தி வாழ வருபவரை ஊர் விரட்டுவது முறையாகாது. ஆனால் முன்னறிவித்தல் என்பது விரட்டுவதற்கன்று. எதிர்பாராத ஒரு மாலையில், கடைத்தெருவில் அந்த முகத்தைக் கண்டு நடுங்காதிருப்பதற்கே அது. அன்றியும், எதுவும் அறிய வேண்டாமென ஒதுங்க விரும்பும் பாதிக்கப்பட்டோரும் உளர். அவர் விருப்பமும் மதிக்கப்படல் வேண்டும். அறிவதும் அறியாதிருப்பதும் அவர் தெரிவாகுக. பிறர் மறதியின் விளைவாகாதிருக்க.

எல்லாளன் காலத்தில் குடிகள் இழுக்க, அரசன் காதில் மணி ஒலித்தது. அந்த மணி இன்றும் வேண்டியதே. அதனோடு மற்றொரு மணியும் வேண்டும். அதை அரசு இழுக்க, களப்புக் கரையிலுள்ள ஒரு வீட்டில் அது ஒலித்தல் வேண்டும். தீர்ப்போடு தாயை மறந்துவிடாத நீதியே நிறைவான நீதியாகும்.