தொண்ணூறிலும் தசை வளரும்

இன்று உணவியல் பட்டம் பெறும் மாணவ மாணவியரே!

நீங்கள் படித்த துறைக்கு நம் மண்ணில் வேர் உண்டு. 1918இல் குன்னூரில், பெரிபெரி நோயை ஆராய ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் ஓர் அறையில் தொடங்கிய பிரிவுதான் வளர்ந்து, 1958இல் ஹைதராபாத்துக்குப் பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. அதை வழிநடத்திய சி. கோபாலன் சேலத்தில் பிறந்தவர். அந்தத் தலைமுறை பசியோடும் குழந்தைகளின் சத்துக் குறைவோடும் போராடியது. அந்த வேலை இன்னும் முடியவில்லை. அதற்குள் இன்னொரு வேலையும் உங்கள் வாசலுக்கு வந்துவிட்டது. 2021ஆம் ஆண்டுக்கான மக்கள்தொகைக் கணிப்பின்படி, தமிழ்நாட்டில் 100 பேரில் 13 பேருக்கு மேல் 60 வயதைக் கடந்தவர்கள். கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்கு.

அவர்களுடைய தசையைப் பற்றி மட்டும் இன்று பேசுகிறேன்.

சர்க்கரையை அளக்கிறோம், பிரஷரை அளக்கிறோம், கொழுப்பை அளக்கிறோம். தொடையில் எவ்வளவு பலம் மிச்சமிருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. நடுவயதிலேயே குறையத் தொடங்கும் தசை, 60க்குப் பிறகு வேகமாகக் கரைகிறது. எடை மெஷின் இதைக் காட்டிக் கொடுக்காது; தசை போன இடத்தில் கொழுப்பு வந்து உட்கார்ந்துகொள்ளும். ஈரத்துணியைப் பிழிய முடியாத கையில் அது தெரியும். பஸ் படியில் தயங்கும் காலில் தெரியும். 2015இல் லான்செட் இதழில் வந்த ஓர் ஆய்வு, இந்தியா உள்பட 17 நாடுகளில் ஏறத்தாழ 1,40,000 பேரின் கைப்பிடி வலுவை அளந்தது. பிடி தளர்ந்தவர்களிடையே மரணம் கூடுதலாக இருந்தது. ரத்த அழுத்தத்தின் மேல் அளவைவிடக் கைப்பிடி அதைத் தெளிவாக முன்கூட்டிக் காட்டியது. கை தளர்ந்ததால்தான் இறந்தார்கள் என்று இதற்குப் பொருளில்லை. உடம்பின் மொத்த பலத்துக்குக் கைப்பிடி ஓர் அடையாளம், அவ்வளவுதான். ஆய்வை இப்படி நிதானமாகப் படிக்கத் தெரிந்தவர்கள் நீங்கள். உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கே அது பெரிய உதவி.

"வயசானா அப்படித்தான்" என்று நாம் சொல்லிக்கொண்டிருப்பதை பாஸ்டன் நகரில் ஒரு மருத்துவர் சோதித்துப் பார்த்தார். மரியா ஃபியாட்டரோன் என்று பெயர். முதியோர் மருத்துவ இல்லம் ஒன்றில் இருந்த 10 பேரை அவர் குழு சேர்த்துக்கொண்டது. வயது 86 முதல் 96 வரை. பலருக்கு மூட்டுத் தேய்மானமும் ரத்தக் கொதிப்பும் இருந்தன. அவர்களுக்குக் கொடுத்தது கையைக் காலை அசைக்கும் லேசான பயிற்சி என்று நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொருவராலும் அதிகபட்சம் எவ்வளவு எடையைக் காலால் தூக்க முடியுமோ, அதில் 80 சதவீதம் வரை ஏற்றினார்கள். வாரம் 3 நாள், 8 வாரம். முழுதாக முடித்தவர்கள் 9 பேர். கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. நடுத்தொடையில் தசையின் பரப்பு 9 சதவீதம் வளர்ந்தது. இரண்டு பேர் கைத்தடியை விட்டு நடந்தார்கள். 1990இல் வெளிவந்த அவர் கட்டுரையில் என்னை மிகவும் பாதித்தது வேறொரு எண். பயிற்சியை நிறுத்திய 4 வாரத்தில், ஏறிய வலு இறங்கத் தொடங்கிவிட்டது. உச்ச பலத்தில் 32 சதவீதம் போய்விட்டது.

பத்துப் பேரை வைத்து எப்படி முடிவு சொல்வது என்று நீங்கள் கேட்க வேண்டும். அவரும் அத்தோடு நிற்கவில்லை. அடுத்து 100 பேர், சராசரி வயது 87. சிலருக்குப் பயிற்சி, சிலருக்குச் சத்துப் பானம், சிலருக்கு இரண்டும், சிலருக்கு இரண்டும் இல்லை. 1994இல் முடிவு வந்தது. பயிற்சி செய்தவர்களின் வலு இரண்டு மடங்குக்கு மேலானது. வெறும் பானம் குடித்தவர்களுக்குப் பலன் எதுவும் இல்லை. ஊருக்குப் போகும்போதெல்லாம் பாட்டிக்குச் சத்துமாவு டப்பா வாங்கிப்போகும் பேரப்பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும்.

நம் வீடுகளில் பலம் போவது பெரும்பாலும் பாசத்தால்தான். "நீ உக்காரும்மா, நாங்க பாத்துக்கறோம்" என்று தண்ணீர்க் குடத்தை வாங்கிவிடுகிறோம். கோலம் போடக் குனிய விடுவதில்லை. மாடிக்கு ஏற விடுவதில்லை. விழுந்துவிடுவாரோ என்ற பயம் நியாயமானது. ஆனால் வேலை இல்லாத கால் மேலும் தளரும், தளர்ந்த கால்தான் விழ வைக்கும். குடத்தைப் பாதியாக்கிக் கொடுங்கள், முழுக்கப் பிடுங்காதீர்கள்.

தட்டிலும் இதே கதை. வயதானவருக்கு "லேசா" சாப்பாடு என்று காலையில் ரெண்டு இட்லி, மத்தியானம் ரசஞ்சோறு, ராத்திரி கஞ்சி. நம் நாட்டுப் பரிந்துரை ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம் புரதம். 50 கிலோ எடையுள்ள பாட்டிக்கு ஏறக்குறைய 42 கிராம். முதியவர்களுக்கு ஒரு கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும் என்று சொல்லும் வல்லுநர்களும் உண்டு. மேலே சொன்ன சாப்பாடு 42இல் பாதியை எட்டுவதே கஷ்டம். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு பெரிய கிண்ணம் தயிரில் அதே அளவு. ஒரு கைப்பிடி கொண்டைக்கடலையை வேகவைத்த சுண்டல், பல் இல்லாதவருக்கு மசித்த பாசிப்பயறு, வாங்க முடிந்த நாளில் மீன். கிட்னி பாதிப்பு உள்ளவருக்கு மட்டும் மருத்துவரைக் கேட்டுத்தான் அளவைக் கூட்ட வேண்டும்.

2021 ஆகஸ்ட் முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பணியாளர்கள் வீடு தேடிச் சென்று சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரைகளைக் கொடுக்கிறார்கள்; இயன்முறை சிகிச்சையும் உண்டு. அவர்களோடு உங்களில் சிலராவது தெருவுக்குள் இறங்க வேண்டும் என்பது என் ஆசை. சுவரோரம் ஒரு நாற்காலியைப் போட்டு, பக்கத்தில் நின்றுகொண்டு, கையை ஊன்றாமல் 30 விநாடியில் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். அந்த வீட்டில் பருப்பும் பயறும் பெரியவர் தட்டில் எவ்வளவு விழுகிறது என்று மருமகளிடமும் மகனிடமும் கேளுங்கள். இரண்டையும் எழுதி வையுங்கள். மூன்று மாதம் கழித்து அதே வீட்டுக்குப் போய் மறுபடி எண்ணுங்கள்.

 வணக்கம்.