பகலில் ஒரு தொழில், மாலையில் ஒரு பட்டறை

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



சங்கப் புலவர்களின் பெயர்ப் பட்டியலை ஒருமுறை மெல்லப் படித்துச் செல்பவர்க்கு ஓர் உண்மை புலப்படும். மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார், மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார், உறையூர் மருத்துவன் தாமோதரனார், தங்காற் பொற்கொல்லனார் என வரும் பெயர்களில் தொழிலும் சேர்ந்தே வருகின்றது. தானியம் விற்றவரும் துணி விற்றவரும் நோய் தீர்த்தவரும் பொன்னை உருக்கியவரும் தத்தம் பிழைப்பை வாயிலில் கழற்றி வைத்துவிட்டுப் பாட்டுக்குள் நுழையவில்லை. தொகுத்தோரும் அதனை நீக்கத் தேவையில்லை என்றே கருதினர் போலும். இன்றோ, கவிதைத் தொகுப்பின் பின்னட்டையில் 'வங்கியில் பணி' என்று ஒரு வரி இடம்பெற்றால் அதுவே மிகுதி. அவ்வரியும் வேண்டாம் என்று பதிப்பாளரிடம் சொல்லும் கவிஞர்களும் உண்டு.

இவ்வுரையின் பொருள் கவிதை அன்று. அமெரிக்காவில் பள்ளி மாணவர்க்கு ரோபோ செய்யக் கற்றுத்தரும் பெரியவர்கள் பகலில் என்ன வேலை செய்கின்றனர் என்பதே பொருள். இதற்கும் இலக்கியத்திற்கும் என்ன தொடர்பு என்ற வினா எழுவது இயல்பே. பகலில் ஒரு வேலையும் மாலையில் ஒரு பித்துமாக வாழ்வோர் நிறைந்த அவையில் அத்தொடர்பை நீட்டி விளக்க வேண்டுவதில்லை.

1989ஆம் ஆண்டு டீன் கேமன் என்னும் கண்டுபிடிப்பாளர் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து மான்செஸ்டர் நகரில் 'ஃபர்ஸ்ட்' என்ற அமைப்பைத் தொடங்கினார். கேமன் கல்லூரிப் படிப்பை முடிக்காதவர். நோயாளி உடலோடு அணிந்து கொள்ளத்தக்க, மருந்தைச் சிறுகச் சிறுகச் செலுத்தும் பம்பை உருவாக்கிப் பெயர் பெற்றவர். பிள்ளைகளுக்கு விளையாட்டு வீரரையும் திரை நடிகரையும் தெரிகிறது, ஒரு பொறியாளரையேனும் தெரியவில்லையே என்பது அவருடைய குறை. அக்குறையைத் தீர்க்க அவர் பாடநூல் எழுதவில்லை. போட்டி ஒன்றை வகுத்து, வேலை செய்யும் பெரியவரையும் படிக்கும் பிள்ளையையும் ஒரே மேசையின் இருபுறமும் நிறுத்தினார். 1992இல் மான்செஸ்டர் பள்ளியொன்றின் உடற்பயிற்சிக் கூடத்தில் 28 அணிகளோடு முதற்போட்டி நடந்தது.

போட்டியின் வடிவத்திற்கு மூலவர் வேறொருவர். எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் பேராசிரியராக இருந்த உட்டி ஃப்ளவர்ஸ், தம் வடிவமைப்பு வகுப்பு மாணவர் ஒவ்வொருவர்க்கும் ஒரே வகையான உதிரிப் பொருள்கள் நிறைந்த பெட்டியைக் கொடுத்து, அவற்றைக் கொண்டு ஓர் இயந்திரம் செய்து ஒருவரோடொருவர் மோதுக என்பார். அவர் லூசியானாவின் சிற்றூர் ஒன்றில் வெல்டிங் தொழிலாளியின் மகனாக வளர்ந்தவர். 2019இல் மறைந்தார். சிறந்த வழிகாட்டிக்கு அவர் பெயரால் 1996 முதல் ஒரு விருது வழங்கப்பெறுகின்றது. அதில் நுட்பம் ஒன்றுண்டு: விருதுக்குரியவரைப் பரிந்துரைத்துக் கட்டுரை எழுத வேண்டியவர்கள் மாணவர்களே. பெரியவர் ஒருவரின் உழைப்பைக் கூர்ந்து கண்டு அதனைச் சொற்களில் வடிப்பது பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைக்கு எளிய பயிற்சியன்று.

போட்டி நடக்கும் முறையை ஓரளவு அறிந்தால்தான் வழிகாட்டியின் வேலை விளங்கும். ஆண்டுதோறும் சனவரித் தொடக்கத்தில் புதிய ஆட்டத்தின் விதிகள் வெளியாகும். அதுவரை அந்த ஆட்டம் யாருக்கும் தெரியாது. ஏறத்தாழ 55 கிலோ எடையுள்ள ரோபோ ஒன்றை மாணவர் வடிவமைத்து, வெட்டி, துளையிட்டு, கம்பியிணைத்து, நிரல் எழுதி ஓட்ட வேண்டும். பல ஆண்டுகள் இதற்கு ஆறு வாரமே கெடு. கெடு முடியும் இரவில் ரோபோவைப் பெரிய பிளாஸ்டிக் பையிலிட்டு எண் பொறித்த முத்திரை வைத்துவிட வேண்டும் என்றொரு விதி இருந்தது. 2020ஆம் ஆண்டுப் பருவத்திலிருந்து அது கைவிடப்பட்டது. களத்தில் ஓர் ஆட்டம் ஏறத்தாழ இரண்டரை நிமிடம். அந்த இரண்டரை நிமிடத்திற்காக எத்தனை மாலைகள் கரைகின்றன என்பதை வழிகாட்டிகளின் வீட்டாரைத்தான் கேட்க வேண்டும்.

இவர்கள் யார்? அனைவரும் ரோபோ வல்லுநர் என்று எண்ணினால் தவறு. அவ்வாறானோர் மிகச் சிலரே. விண்வெளி ஆய்வு மையத்தை அண்டிய டெக்சாஸ் பள்ளி மாணவர்க்கு நாசாப் பொறியாளர் கிடைப்பதும், மிச்சிகனில் ஜெனரல் மோட்டார்ஸ் சோதனைக் களத்தை ஒட்டிய பள்ளிக்கு மோட்டார்ப் பொறியாளர் கிடைப்பதும் உண்மையே. பெரும்பாலான ஊர்களில் அத்தகைய வாய்ப்பில்லை. அங்கே இயற்பியல் ஆசிரியர், லேத்துப் பட்டறைத் தொழிலாளி, மின்பணியாளர், வங்கி மென்பொருள் எழுதுபவர், கணக்கர், அணியில் பிள்ளையைச் சேர்த்துவிட்டுத் தாமும் அகப்பட்டுக்கொண்ட தாய் தந்தையர் ஆகியோரே வழிகாட்டிகள்.

ஒவ்வொருவரும் தம் பகல் வேலையின் ஒரு பழக்கத்தைக் கொண்டு வருகின்றனர். லேத்துக்காரர் முதல் நாள் கற்பிப்பது எந்திரத்தைப் பற்றியதன்று. தலைமுடியைக் கட்டு, கண்ணாடி அணி, துளையிடும் முன் உலோகத் துண்டை இறுகப் பிடிக்க வை என்பதே. துண்டைக் கையால் பிடித்தபடி துளையிட்டால் அது சுழன்று விரலைக் கிழிக்கும் என்பதை அவர் சொல்லும்போது குரலில் இருக்கும் அச்சம் நூலில் கிடைப்பதில்லை. மென்பொருளாளர், வேலை செய்யும் நிரலின் படி ஒன்றைப் பத்திரப்படுத்திய பிறகே மாற்றத்தில் கை வை என்பார். தர ஆய்வாளர், எது எப்படி உடையக்கூடும், உடைந்தால் என்ன ஆகும் என்று முன்கூட்டியே பட்டியலிடச் சொல்வார். மாணவர்க்கு அது முதலில் அபசகுனமாகத் தோன்றும். கணக்கரின் பங்கும் குறைந்ததன்று. ஓர் அணியின் பதிவுக் கட்டணமே ஏறத்தாழ 6,000 டாலர். பயணச் செலவு தனி. எங்கே எவரிடம் எவ்வாறு கேட்பது, கேட்ட பணத்திற்கு எவ்வாறு கணக்குக் காட்டுவது என்பதைக் கற்காத அணி சில ஆண்டுகளில் கலைந்துவிடும். கணக்கரைப் பற்றி யாரும் பெருமையாகப் பேசுவதில்லை என்பது வேறு.

அமெரிக்கக் கவிஞர் வாலஸ் ஸ்டீவன்ஸ் காப்பீட்டு நிறுவனமொன்றில் துணைத் தலைவராக இருந்தார். கவிதையையும் அலுவலகத்தையும் தனித்தனி அறைகளில் வைத்திருந்தார். கவிஞர்க்கு அது இயலும். வழிகாட்டிக்கு இயலாது. அவரிடம் கொடுப்பதற்கு உள்ள பொருளே அலுவலகத்திலிருந்து வந்ததுதான்.

இங்கே ஒரு சிக்கல் எழுகின்றது. இவ்வியக்கத்தினர் தம்முள் ஓயாது வாதிடுவதும் இதைப் பற்றியே. கை யாருடையது? தொழிலில் இருபதாண்டு பழகிய கை, மாணவர் மூன்று மணி நேரம் திணறுவதைப் பத்து நிமிடத்தில் முடித்துவிடும். கெடுவோ நெருங்குகின்றது. மறுநாள் காலை எட்டு மணிக்கு வேலைக்குப் போக வேண்டும். அந்நிலையில் கருவியை வாங்கித் தாமே முடித்துவிடும் வழிகாட்டியைக் குறை கூறுவது எளிது. பெரியவர் கட்டிய ரோபோ என்று பிற அணியினர் முணுமுணுப்பதும் உண்டு. மறுபுறம், பெரியவர் தொடவே கூடாது என்பது கேமனின் நோக்கத்திற்கு ஒத்ததன்று; நல்ல வேலை எப்படி இருக்கும் என்பதைப் பிள்ளை அருகிருந்து காண வேண்டும் என்பதே அவர் விரும்பியது. வாய்ப்பாட்டு ஆசிரியர் பாடிக் காட்டாமல் மாணவர் எவ்வாறு பாடுவார்? பாடிக் காட்டிய பிறகு நிறுத்த வேண்டும் என்பதுதான் கடினம். கவிதை திருத்தித் தருபவர்க்கும் இவ்விடர்ப்பாடு தெரியும். ஒரு சொல்லை மாற்றத் தொடங்கி இறுதியில் கவிதை திருத்தியவருடையதாகிவிடும்.

பகல் வேலை என்பது நிலையானதும் அன்று. இந்தியானா மாநிலத்துக் கோகோமோ நகர அணி 1992ஆம் ஆண்டு முதற்போட்டியிலேயே கலந்துகொண்டது. அதற்கு ஆதரவாக நின்றது ஜெனரல் மோட்டார்ஸின் மின்னணுப் பிரிவு. அது பின்னர் டெல்ஃபை நிறுவனத்தோடு சேர்ந்தது. 2005இல் டெல்ஃபை திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது. வாகனத் தொழிலை நம்பிய ஊரில் வேலை ஆட்டங்காணும்போது, மாலையில் மாணவரிடம் பொறியியல் நல்ல தொழில் என்று எந்த முகத்தோடு சொல்வது? ஆயினும் அவ்வணி அதன் பின்னரும் பல்லாண்டுகள் களத்திற்கு வந்தது. தன் வேலை எப்போது போகும் என்றறியாத ஒருவர் பிறர் பிள்ளைக்கு அவ்வேலையின் நேர்த்தியைக் கற்பிப்பதில் ஒரு துயரமும் ஒரு மிடுக்கும் கலந்திருக்கின்றன.

இனி, ஃபீனிக்ஸ் நகரம். அரிசோனாப் பாலைவனத்தில் உள்ள அந்நகரின் மேற்குப் பகுதியில் கார்ல் ஹேடன் உயர்நிலைப் பள்ளி அமைந்துள்ளது. அங்கே ஃப்ரெடி லஜ்வர்தி கடலறிவியல் ஆசிரியராக இருந்தார். ஆலன் கேமரன் கணினி ஆசிரியராக இருந்தார். கடலே இல்லாத ஊரில் கடலறிவியல் கற்பிப்பது நகைப்புக்கு உரியதாகத் தோன்றலாம். ஆனால் 2004இல் அதுவே பயன்பட்டது. நீருக்கடியில் இயங்கும் ரோபோக்களுக்கான 'மேட்' என்னும் வேறொரு போட்டி அவ்வாண்டு கலிபோர்னியாவின் சான்டா பார்பராவில் நடந்தது. இவ்விருவரும் நான்கு மாணவரை அழைத்துச் சென்றனர். நால்வரும் மெக்சிகோவிலிருந்து சிறுவயதில் வந்து குடியுரிமை ஆவணம் இல்லாது வாழ்ந்தவர்கள். கல்லூரிகள் போட்டியிடும் உயர் பிரிவிலேயே பெயர் கொடுத்தனர். பல்கலைக்கழகங்களிடம் தோற்பது இழிவன்று என்பது கணக்கு.

பிவிசி குழாய்களை ஒட்டிச் செய்த அந்த ரோபோவிற்கு, பசையின் நாற்றத்தால் 'ஸ்டிங்கி' என்றே பெயர். செலவு ஆயிரம் டாலருக்கும் குறைவு. வெப்பநிலை அளக்க எக்கருவி ஏற்றது என்றறிய, கனெக்டிகட்டில் வெப்பமானிகள் விற்கும் நிறுவனத்திற்கு மாணவர் தொலைபேசியில் பேசினர். எடுத்தவர் விற்பனைப் பணியாளர். பள்ளிப் பிள்ளைகள் என்று தள்ளிவிடாமல் பொறுமையாக விளக்கினார். இத்தகையோரின் பெயர் வழிகாட்டிப் பட்டியல் எதிலும் ஏறுவதில்லை. அவருடைய பகல் வேலையில் சில நிமிடம் அப்பிள்ளைகளுக்குப் போயிற்று, அவ்வளவே. போட்டிக்கு முன்னர் மின்கருவிப் பெட்டிக்குள் நீர் கசிந்தபோது, மாதவிலக்கின்போது பெண்கள் பயன்படுத்தும் பஞ்சுச் சுருள்களைக் கடையில் வாங்கி உள்ளே வைத்து ஈரத்தை உறிஞ்சச் செய்தனர். முடிவில் முதலிடம் இவர்களுக்கு, இரண்டாமிடம் எம்.ஐ.டி.க்கு. இலக்கிய அவையில் சொல்லத்தக்க செய்தி மற்றொன்று: தொழில்நுட்ப அறிக்கை எழுதியதற்கான பரிசும், ஸ்பானிய மொழி பேசும் வீடுகளிலிருந்து வந்த இந்த மாணவர்க்கே கிடைத்தது.

இக்கதையை ஜோஷுவா டேவிஸ் 2005இல் இதழில் எழுதினார், 2014இல் நூலாக்கினார், 2015இல் 'ஸ்பேர் பார்ட்ஸ்' என்று திரைப்படமாயிற்று. திரைக்கதையில் நேர்ந்த மாற்றம் ஒன்று கருதத்தக்கது. இரண்டு ஆசிரியர்களும் ஒருவராக்கப்பட்டனர். அந்த ஒருவரும் ஆசிரியர் அல்லர். வேலையிழந்து தற்காலிக ஆசிரியராக வந்து சேரும் முனைவர் பட்டம் பெற்ற பொறியாளர். பல்லாண்டு ஒரே பள்ளியில் கடலறிவியலும் கணினியும் கற்பித்த இருவர், மணியடித்த பின்னும் வீடு திரும்பாமல் வகுப்பறையைத் திறந்து வைத்திருந்தனர் என்பது கதைக்குப் போதாது என்று படக்குழுவினர் நினைத்தனர் போலும். பட்டம் பெற்றவர் இறங்கி வந்தால்தான் பாலைவனத்துப் பிள்ளைகள் கடைத்தேறுவர் என்ற நம்பிக்கை எல்லா நாட்டிலும் உண்டு. இங்கே முனைவர் பட்டம் பெற்றோர் அமர்ந்திருக்கும் அவையிலும் இதனைச் சொல்லத்தான் வேண்டும்.

வெற்றி அந்நால்வரின் பாதையை எளிதாக்கிவிடவில்லை. 2006இல் அரிசோனா வாக்காளர் நிறைவேற்றிய சட்டம், ஆவணம் இல்லாத மாணவர்க்கு மாநிலத்தவர்க்குரிய கல்விக் கட்டணத்தை மறுத்தது. பல்கலைக்கழகம் சேர்ந்திருந்த ஒருவர் அதனால் படிப்பை விட்டு வெளியேறினார். வேறிருவர் சமையல் தொழிலில் இறங்கினர். ஆசிரியரால் தம் தொழிலைத் திறந்து காட்ட முடிந்தது. மாணவர்க்கு ஒரு தொழிலின் கதவைத் திறந்துவிட முடியவில்லை.

லஜ்வர்தியும் கேமரனும் பள்ளியை விட்டுப் போய்விடவில்லை. அடுத்தடுத்த பிள்ளைகள் வந்தனர். 2008ஆம் ஆண்டு ஃபர்ஸ்ட் இறுதிப் போட்டியில் அவ்வமைப்பின் மிக உயர்ந்த விருது கார்ல் ஹேடன் அணிக்குக் கிடைத்தது. ரோபோவின் வெற்றிக்கென்று தரப்படும் விருதன்று அது. அணி தன் பள்ளியிலும் ஊரிலும் என்ன மாற்றத்தை விளைவித்தது என்பதற்குத் தரப்படுவது. அதற்கான கட்டுரையையும் மாணவரே எழுத வேண்டும்.