வயசு தெரியாத முகங்கள்



எங்கள் இலங்கையில் வயதை ஒளிப்பது லேசான காரியம் இல்லை. பழைய தேசிய அடையாள அட்டையை எடுத்துப் பாருங்கள். இலக்கத்தின் முதல் இரண்டு எண்கள் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500ஐக் கூட்டி எழுதியிருப்பார்கள். பின்னர் வந்த 12 இலக்க அட்டையில் வருடத்தை முழுதாகவே போட்டுவிட்டார்கள். ஆகவே வங்கியிலோ கச்சேரியிலோ இலக்கத்தைச் சொன்னால் வயதையும் சேர்த்துச் சொன்னதாகத்தான் அர்த்தம். பழகிய எழுதுவினைஞர் எழுதி முடித்ததும் ஒருமுறை நிமிர்ந்து முகத்தைப் பார்ப்பார். சிலருடைய விஷயத்தில் அந்தப் பார்வை கொஞ்சம் நீளும். "இது உங்கடதோ?" என்று கேட்டுவிடுகிறவர்களும் உண்டு. 58 என்று தொடங்கும் இலக்கத்தோடு, ஐம்பது மதிக்கத்தக்க ஒருவர் முன்னால் நிற்பார்.

முகத்துக்கும் வயதுக்கும் உள்ள இந்த இடைவெளியைப் படிக்க யாழ்ப்பாணத்து நல்லூர்த் திருவிழாவைப் போல நல்ல இடம் வேறில்லை. ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் பாரிசிலிருந்தும் வந்தவர்கள் வீதியில் பழைய பள்ளிக்கூடத் தோழர்களைக் காண்கிறார்கள். "மச்சான், நீ அப்பிடியே இருக்கிறாய்" என்று ஒருவர் சொல்ல, மற்றவர் என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் நிற்கிறார். ஒரே வகுப்பு, ஒரே வயது. பார்த்தால் ஒருவர் மற்றவருக்குத் தகப்பன் போல. அதுவும் நல்லூரில் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகலாம். தலைக்குக் கறுப்பு மை பூசியவர்கள் நெஞ்சுக்குப் பூச மறந்துவிடுகிறார்கள். கந்தன் சந்நிதியில் எல்லாம் வெளித்துவிடும்.

எங்கள் ஊர்களில் எத்தனையோ வீடுகளில் இருக்கிற ஒரு சோடியை எடுத்துக்கொள்வோம். அண்ணர் செம்மண் தோட்டத்தில் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் வைத்தவர். தம்பி எண்பதுகளில் வெளிநாடு போனவர். இரண்டே வயதுதான் வித்தியாசம். தம்பி வந்து பக்கத்தில் இருந்தால், பதினைந்து வயது வித்தியாசம் என்று சொல்லத் தோன்றும். "அங்கத்தைச் சாப்பாடு அப்பிடி" என்று சனம் தீர்ப்புச் சொல்லிவிடும். அங்கத்தைச் சாப்பாட்டைப் பற்றி நான் அவ்வளவு நல்லதாகக் கேள்விப்படவில்லை. முதலில் வெயிலைப் பார்ப்போம்.

2012இல் 'நியூ இங்கிலாந்து ஜேர்னல் ஒஃப் மெடிசின்' என்ற மருத்துவ இதழ் ஒரு லொறிச் சாரதியின் படத்தை வெளியிட்டது. 69 வயது மனிதர். 28 வருடம் லொறி ஓட்டியவர். அமெரிக்காவில் சாரதி இடப்பக்கம் இருப்பார். ஜன்னலோரம் இருந்த இடக் கன்னம் தடித்து, மடிந்து, கீழே தொங்கிப்போயிருந்தது. வலக் கன்னம் அந்த வயதுக்கு உரியதாகவே இருந்தது. ஒரே மனிதர், ஒரே பரம்பரை, ஒரே சாப்பாடு, ஒரே கவலை. இரண்டு கன்னத்தையும் பிரித்தது வெயில் ஒன்றுதான். வெயிலில் வருகிற புறஊதாக் கதிர்களில் ஒரு வகையைக் கண்ணாடி மறித்துவிடும். தோலைச் சுடாத இன்னொரு வகை கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்து, தோலுக்கு இழுவிசை கொடுக்கிற கொலாஜன் என்ற நாரைச் சிதைத்துக்கொண்டே இருக்கும். சுடாதபடியால் எவருக்கும் தெரியவராது. எங்கள் நாட்டில் சாரதிக்கு வலப்பக்கம். ஏ9 வீதியில் வருடக்கணக்காக ஓடுகிறவர்கள் இன்றிரவு கண்ணாடியில் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.

அண்ணருக்கு ஒரு பக்கம் மட்டும் இல்லை. காலை இறைப்பிலிருந்து பொழுதுபடும் வரை நாலு பக்கமும் வெயில். அப்படியிருந்தும், அதே வெயிலில் நின்ற ஒரு வெள்ளைக்காரரோடு ஒப்பிட்டால் அவருடைய முகம் எவ்வளவோ மேல். எங்கள் தோலில் இருக்கிற மெலனின் என்ற கருநிறமி பாதுகாப்பாக நிற்பதால், சுருக்கம் எங்களுக்குப் பல வருடங்கள் பிந்தித்தான் விழும். எங்களில் வயதைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் மங்கும், கண்ணைச் சுற்றிய கருமையும், ஒரே சீராக இல்லாத நிறமும். கறுப்பு என்று பொம்பிளை பார்க்க வந்தவர்கள் முகம் சுழித்த அதே தோல்தான் ஐம்பது வயதில் ஆளுக்குத் துணை நிற்கிறது. அதைப் பழுதாக்கவென்று கடைகளில் வெள்ளையாக்கும் கிறீம் விற்கிறார்கள். அவற்றில் சிலவற்றில் பாதரசம், சிலவற்றில் தோலை மெலிய வைக்கிற ஸ்டீரொயிட். காசு கொடுத்து முதுமை வாங்க இதைவிடச் சுருக்கமான வழி எனக்குத் தெரியாது.

அடுத்தது பல். இதை ஒருவரும் அழகுக் குறிப்பில் எழுதுவதில்லை. நான் இதற்குத்தான் முதல் இடம் கொடுப்பேன். பல் போனால் அதைத் தாங்கிய தாடை எலும்பும் மெல்ல மெல்லத் தேயும். உதடு உள்ளே விழும், நாடி மேலே ஏறும், முகம் குறுகும். கடைவாய்ப் பல் நாலு போன 50 வயதுக்காரர், பல் முழுதாக உள்ள 65 வயதுக்காரரைவிடக் கிழவராகத் தெரிவது இதனால்தான். எங்கள் பக்கத்தில் பல் வருத்தம் என்றால் பிடுங்கிவிடுவதுதான் நெடுங்காலப் பழக்கம். பிடுங்கிய இடத்தில் வேறு பல் கட்டுவது வசதி உள்ளவர்களின் வேலை என்று விட்டுவிடுவோம். வெற்றிலை, பாக்கு, புகையிலை சேர்ந்தால் பல்லோடு முரசும் போகும். தம்பியின் இளமையில் பெரும் பங்கு அங்கத்தைப் பல் வைத்தியருடையது என்பது என் எண்ணம்.

யாழ்ப்பாணத்துப் புகையிலை மலையாளம் வரை பேர் பெற்றது. தோட்டக்காரரைக் காப்பாற்றிய பயிர்தான், மறுக்கவில்லை. ஆனால் சுருட்டும் சிகரெட்டும் தோலுக்கு இரத்தம் கொண்டுபோகிற நுண்ணிய குழாய்களைச் சுருக்கிவிடும். புகைக்கிற வாயைச் சுற்றி விழுகிற கோடுகளைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடலாம்.

இதெல்லாம் வெளியிலிருந்து வருவது. பிறப்போடு வருவதும் உண்டு, அது கொஞ்சநஞ்சம் இல்லை. டென்மார்க்கில் இரட்டைப் பிள்ளைகளாய்ப் பிறந்தவர்களை வைத்துச் செய்த ஆய்வுகள், ஒருவர் பார்வைக்கு எத்தனை வயதாகத் தெரிகிறார் என்பதில் ஏறத்தாழ 60 வீதம் பரம்பரை என்று கணக்கிட்டன. உருண்டை முகம், பெரிய கண், தோலுக்கு அடியில் கொஞ்சம் கொழுப்பு உள்ள கன்னம், இவை வாய்த்தவர்களுக்குப் பிள்ளை முகம் கன நாள் தங்கும். நரையும் பெரும்பாலும் குடும்ப வழக்கம். ஆகவே "நான் அளவாய்ச் சாப்பிடுறன், வேளைக்கு எழும்புறன், அதுதான் இப்பிடி இருக்கிறன்" என்று பெருமைப்படுகிற பெரியவர்கள், பாதிப் புகழைத் தங்கள் தாய் தகப்பனுக்குக் கொடுத்துவிடுவது நியாயம். ஐம்பது தாண்டி உடம்பை ஒரேயடியாய் மெலிய வைக்கிறவர்களுக்கும் ஒரு சொல். இடுப்பில் இளமை வரும், கன்னத்தில் கிழடு தட்டும். இரண்டையும் ஒன்றாய்ப் பெறுவது அருமை.

குரலை மட்டும் கேட்கிற உங்களுக்கு முகத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வானொலியில் வேலை செய்கிறவர்களுக்கு இது ஒரு வசதி. குரல்வளை முகத்தைவிடத் தாமதமாகத்தான் வயதைக் காட்டும். இலங்கை வானொலி அறிவிப்பாளர்களை நேரில் கண்ட அந்தக் காலத்து நேயர்கள் பலர் ஏமாந்து போயிருக்கிறார்கள்!

இனி, எங்கள் மண்ணில் இந்த விஷயத்தைப் பேசினால் விட்டுவிட்டுப் போக முடியாத ஒன்று. இளமையாகத் தெரிவது இங்கே நெடுங்காலம் அதிர்ஷ்டமாக இருக்கவில்லை. போர்க் காலத்தில் சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்தால் முதலில் இறக்கியது இளந்தாரிகளை. வயதுக்கு இளையவராகத் தெரிந்தவர்கள் அட்டையை நீட்டி, முகத்துக்கும் இலக்கத்துக்கும் உள்ள இடைவெளிக்குக் கணக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அந்த நாட்களில் தாடியை மழிக்காமல் விட்டவர்களையும், முன்னால் நரைத்த நாலு மயிரைக் காவலாக நினைத்தவர்களையும் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமமே ஒரே இரவில் எழுந்து தென்மராட்சிக்கு நடந்தது. சில மாதம் கழித்துத் திரும்பி வந்தவர்கள் ஒருவரை ஒருவர் கண்டு திகைத்தது மூத்துப்போன முகத்தைப் பார்த்துத்தான்.

கவலையால் தலை நரைக்கும் என்று ஆச்சிமார் சொன்னதை மருத்துவர்கள் முன்பு அவ்வளவாக எடுக்கவில்லை. 2020இல் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் எலிகளை வைத்துப் பார்த்தார்கள். கடும் நெருக்கடியில் நரம்பு நுனியிலிருந்து சுரக்கிற ஒரு இரசாயனம், மயிருக்கு நிறம் கொடுக்கிற மூலக் கலங்களை ஒரேயடியாய் வேலை வாங்கித் தீர்த்துவிடுகிறது. தீர்ந்த பிறகு வளர்கிற மயிர் வெள்ளை. அடுத்த வருடம் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 14 பேருடைய தலைமயிரை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார்கள். ஒருவர் விடுமுறையில் போயிருந்த நாட்களில் அவருடைய ஐந்து நரைமயிர்கள் அடியிலிருந்து மீண்டும் கறுத்திருந்தன. ஐந்து மயிர்தான், அதற்காக ஒருவரும் வேலையை விட வேண்டாம். ஆனாலும் முழுதாய் நரைக்குமுன் கவலை நீங்கினால் கொஞ்சம் திரும்பலாம் என்பது தெரிகிறது. நீங்காத கவலைக்கு என்ன செய்வது? போரில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017 தொடக்கம் பதில் கேட்டு வீதியோரம் இருக்கிறார்கள். அவர்களுடைய முகத்தைப் பார்த்து வயது சொல்ல எவரும் முயல வேண்டாம்.

நரையைப் பற்றிய இந்தக் கேள்வியைத் தமிழில் சான்றோர் வெகு காலம் முன்னரே கேட்டிருக்கிறார்கள். பாண்டிநாட்டுப் புலவர் பிசிராந்தையார், தான் கண்டே இராத நண்பன் கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது, அதாவது உண்ணாமல் உயிர் விட வடக்குப் பார்த்து இருந்தபோது, அங்கே வந்தார். இவ்வளவு வயதாகியும் ஏன் நரைக்கவில்லை என்று அங்கே கூடியிருந்த சான்றோர் கேட்டார்கள். அவர் சொன்ன பதில் புறநானூற்றில் இருக்கிறது. மனைவி குணமானவள், பிள்ளைகள் அறிவு நிரம்பியவர்கள், ஏவலர்கள் தன் மனம் அறிந்து நடப்பவர்கள், அரசன் தீங்கு செய்யாமல் காக்கிறான், ஊரிலே அடக்கமும் கொள்கையும் உள்ள பெரியவர்கள் பலர். எண்ணெய் இல்லை, மூலிகை இல்லை, மூச்சுப் பயிற்சி இல்லை. எல்லாம் தன்னைச் சுற்றியிருந்த மனிதர். அரசனைப் பற்றிச் சொன்னதை எங்களில் எத்தனை பேரால் சொல்ல முடியும் என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன். எனக்கு ஒரு சந்தேகம் மட்டும் இருக்கிறது. அந்த மனைவிக்கு நரைத்திருந்ததா என்று ஒருவரும் கேட்கவில்லை. வீட்டில் ஒருவர் கவலையில்லாமல் இருக்க இன்னொருவர் அதைச் சுமந்துகொண்டிருப்பது எங்கள் ஊர்களிலும் நடக்கிறது. சம வயதுப் புருஷன் பெண்சாதியை ஒரு கலியாண வீட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

சரி, முகம் காட்டுகிற வயதுக்கு உள்ளே ஏதாவது அர்த்தம் உண்டா? உண்டு. டென்மார்க்கில் 70 வயது தாண்டிய 1826 இரட்டையர்களின் படங்களைத் தாதிமாரிடம் காட்டி வயதை மதிக்கச் சொன்னார்கள். பிறகு ஏழு வருடம் பார்த்திருந்தார்கள். பிறந்த வயது ஒன்றாக இருந்தும், சோடியில் கிழடாகத் தெரிந்தவரே பெரும்பாலும் முதலில் இறந்தார். இது 2009இல் வெளிவந்தது. நியூசிலாந்தின் டுனெடின் நகரில் 1972, 73இல் பிறந்த ஆயிரத்துக்கு மேற்பட்டோரைப் பிறந்ததிலிருந்து கவனித்து வருகிறார்கள். அவர்களுக்கு 38 வயதானபோது இரத்தம், சிறுநீரகம், சுவாசப்பை எல்லாம் சோதித்து உடம்பின் வயதைக் கணித்தால், ஒருவருக்கு 28, இன்னொருவருக்கு 61. உடம்பு வேகமாக மூத்தவர்களின் முகத்தையும் அந்நியர்கள் மூத்ததாகவே மதித்தார்கள்.

ஆகவே கலியாண வீட்டில் ஒருவரைப் பிடித்து "என்ன, வயசு போட்டுது" என்று சொல்கிற எங்கள் பழக்கத்தில் துளி மருத்துவம் இருக்கிறது. அதை அவருடைய முகத்துக்கு நேரே நாலு பேர் கேட்கச் சொல்லாமல், வீட்டுக்காரரிடம் தனியாகச் சொல்லலாம். இரண்டு மூன்று மாதத்தில் முகம் இறங்கினால் சீனி, தைரொயிட், நெஞ்சுச் சளி, வேறு பெரிய வருத்தம் ஏதும் இருக்கலாம். மனச்சோர்வாகவும் இருக்கலாம்.

இளமையாகத் தெரிகிறவர்களுக்குத்தான் இன்னும் அவதானம் வேண்டும். நூற்றுக்கணக்கானவர்களுக்குப் பொதுவாய்ப் பொருந்துகிற கணக்கு உங்களுக்குப் பொருந்த வேண்டும் என்றில்லை. எங்கள் இனத்தவருக்குச் சீனி வருத்தம் மற்றவர்களைவிட முன்கூட்டியே வரும், மெல்லிய உடம்பிலும் வரும், முகத்தில் ஒரு கோடும் விழாமல் வரும். அரசாங்க ஆசுபத்திரிகளில் 35 வயது தாண்டியவர்களுக்குச் சீனி, பிரசர், கொழுப்பு பார்க்கிற இலவச கிளினிக் இருக்கிறது. பெண்கள் போகிறார்கள். ஆண்கள் போவது குறைவு, கேட்டால் "என்னைப் பார்த்தால் வருத்தக்காரன் மாதிரியே இருக்கு?" என்கிறார்கள். உங்கள் ஊர் ஆசுபத்திரியில் எந்த நாள் என்று விசாரித்துக்கொண்டு, காலையில் ஒன்றும் சாப்பிடாமல் போங்கள்.