தொண்டையில் தொடங்கும் எதிர்ப்பு

ரவுண்ட் ராக்கில் தமிழில் ஒரு மருத்துவக் கருத்தரங்கு, அதுவும் வெட்டை நோயான கொனோரியாவைப் பற்றி என்றதும், "வேறு தலைப்பே கிடைக்கவில்லையா?" என்று நண்பர்கள் சிலர் கேட்டார்கள். கிடைத்திருக்கும். ஆனால் நம் வீட்டு மருந்துப் பெட்டிக்கு இவ்வளவு நெருக்கமான தலைப்பு கிடைத்திருக்காது.

கொனோரியாக் கிருமியிடம் சல்ஃபா பத்தாண்டுகூடத் தாங்கவில்லை. பெனிசிலினைச் சிதைக்கும் நொதியோடு அது 1976இல் வெளிப்பட்டது. சிப்ரோஃப்ளாக்சாசினை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி 2007இல் கைவிட்டது. 2012இல் செஃபிக்சிம் மாத்திரை முதல் தேர்வு என்ற இடத்தை இழந்தது. 2020 டிசம்பரில் அசித்ரோமைசினையும் விலக்கிவிட்டு, செஃப்ட்ரியாக்சோன் 500 மி.கி. ஊசி ஒன்றே போதும் என்றது அதே சிடிசி. போதும் என்பதைவிட, நம்பும்படி மிஞ்சியது அதுதான் என்பதே பொருத்தம். சிபிலிஸ் கிருமியோ 1943 முதல் இன்றுவரை பெனிசிலினுக்கு அடங்கியே கிடக்கிறது!

இந்த வேறுபாட்டுக்கு ஒரு பெரிய காரணம் நம் தொண்டையில் இருக்கிறது. கொனோரியாக் கிருமி சேர்ந்த நைசீரியா பேரினத்தின் தீங்கற்ற உறவுகள் பல அங்கே நிரந்தரமாகக் குடியிருக்கின்றன. சளி, தொண்டைவலி என்று நாம் விழுங்கும் ஒவ்வொரு ஆன்டிபயாட்டிக்கும் அவற்றில் தாக்குப்பிடிப்பவற்றை மட்டும் விட்டுவைக்கிறது. கொனோரியா தொண்டையில் பெரும்பாலும் அறிகுறியே இல்லாமல் தங்கும். தங்கும்போது, அந்த உறவுகள் உதிர்க்கும் டிஎன்ஏவை எடுத்துத் தன் மரபணுவில் ஒட்டுப்போட்டுக்கொள்ளும். செஃபிக்சிமை வலுவிழக்கச் செய்த மரபணு அப்படி வந்த ஒட்டுத்துணி. அசித்ரோமைசினை எதிர்க்கும் மாற்றங்களில் ஒன்றும் அதே வழியில் வந்ததுதான்.

ஆகவே இது ஒழுக்கம் கெட்டவர்களின் நோய், நமக்கென்ன என்று ஒதுங்க வழியில்லை. சென்னையிலிருந்து திரும்பும் பெட்டிகளில் ஊறுகாய்க்குப் பக்கத்தில் அசித்ரோமைசின் அட்டையும் வருகிறது. வைரஸ் சளிக்கு அதைப் போடாத வீடு நம்மில் குறைவு.

நம் தொழிலிலும் ஒரு குறை உண்டு. சிறுநீரில் செய்யும் மரபணுச் சோதனை கிருமி இருப்பதைச் சொல்லும். எந்த மருந்துக்கு அடங்கும் என்பதை வழக்கமாகச் சொல்லாது. அதற்கு உயிருள்ள கிருமியை வளர்க்க வேண்டும். மாசசூசெட்ஸ் 2023 ஜனவரியில் ஒரு நோயாளியிடம் பல மருந்துகளுக்கும் எளிதில் மசியாத கிருமியை அறிவிக்க முடிந்தது, அப்படி வளர்த்துப் பார்த்ததால்தான்; இன்னொருவரிடம் அதே போன்ற எதிர்ப்பைக் காட்டும் மரபணு அடையாளம் தெரிந்தது. இருவரும் செஃப்ட்ரியாக்சோனிலேயே குணமானார்கள். அந்த வசதி நமக்குத் தொலைவில் இல்லை: கொனோரியாவின் மருந்து எதிர்ப்பைச் சோதிக்கும் வட்டார ஆய்வகங்களில் ஒன்று டெக்சஸ் மாநிலத்துடையது, பக்கத்து ஆஸ்டினில்.

2025 டிசம்பரில் ஜோலிஃப்ளோடாசின், ஜெபோடிடாசின் என்ற இரு வாய்வழி மருந்துகளுக்குக் கொனோரியாவுக்கான ஒப்புதல் கிடைத்தது. மகிழ்ச்சிதான். ஆனாலும் சிகிச்சை பலிக்காத நோயாளி வந்தால், தொண்டையிலும் மாதிரி எடுத்து வளர்ப்புச் சோதனைக்கு அனுப்புங்கள். ஊரிலிருந்து வந்த மாத்திரை எதுவும் சாப்பிட்டாரா என்றும் கேளுங்கள். முதல் அமர்வின் கட்டுரையாளர்களை மேடைக்கு அழைக்கிறேன்.