பந்தலூர் வண்டியில் ஏறுங்கள்



நீலகிரிக்கு வருகிறவர்கள் தொட்டபெட்டா, தாவரவியல் பூங்கா, படகு இல்லம், குன்னூர், மலை ரயில் என்று சுற்றிவிட்டு மேட்டுப்பாளையம் இறங்கிவிடுகிறார்கள். அவை எல்லாமே பார்க்க வேண்டிய இடங்கள்தான். ஆனால் மாவட்டத்தின் மேற்குப் பக்கம் அவர்கள் கண்ணில் படாமலே போய்விடுகிறது. அந்தப் பக்கத்துக்குத்தான் இன்று உங்களை அழைத்துப் போகிறேன். கேரள எல்லையை ஒட்டிய நெல்லியாளம் எங்கள் ஊர். பந்தலூரும் தேவாலாவும் இந்த நகராட்சிக்குள்தான் வருகின்றன. அரசுப் பள்ளியில் வரலாற்று ஆசிரியராக இருந்தவன் நான். பாடப்புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, பிள்ளைகளை வெளியே கூட்டிக்கொண்டு போய்ச் சொல்லிக்கொடுத்ததுதான் அதிகம்.

ஊட்டியிலிருந்து கூடலூர் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். வழியில் பைக்காரா. 1932இல் அங்கே தொடங்கிய நீர்மின் திட்டம் கோயம்புத்தூர் ஆலைகளுக்கு மின்சாரம் கொடுத்தது. அடுத்து நடுவட்டம். மலேரியாவுக்கு மருந்தான கொய்னாவுக்காக 1860களில் அரசாங்கம் அங்கே சின்கோனா மரம் வளர்த்தது. அதற்குக் கீழே ஊசிமலை. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் காட்சிமுனை வரை நடந்து பாருங்கள். ஒரு பக்கம் கூடலூர்ப் பள்ளத்தாக்கு, இன்னொரு பக்கம் முதுமலைக் காடு. மூடுபனி இருந்தால் அவசரப்படாதீர்கள். சற்றுக் காத்திருந்தால் காற்று அதைக் கலைத்துவிடும்.

கூடலூரிலிருந்து நாடுகாணி வழியாக வந்தால் தேவாலா. இங்கே என் பேச்சு கொஞ்சம் நீளும், நேயர்களே. என் ஆசிரியர் வாழ்க்கையில் மிகவும் பிடித்த பாடம் இந்த ஊர்தான்.

இந்த மண்ணில் தங்கம் இருக்கிறது. இங்குள்ள பழங்குடிகளான பணியர்களும் குறும்பர்களும் அதை வெகுகாலத்துக்கு முன்பே அறிந்திருந்தார்கள். ஓடை மணலை மரத்தட்டில் அள்ளி, தண்ணீரில் சுழற்றிச் சுழற்றி மண்ணைத் தள்ளி, அடியில் தங்கும் பொன்துகளைச் சேர்த்தார்கள். அப்போது இந்த வட்டாரம் வயநாட்டின் தென்கிழக்கு மூலை, மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. 1877இல்தான் நீலகிரியோடு சேர்த்தார்கள். துரைமார்கள் இங்கே காப்பி பயிரிட்டிருந்தார்கள். தண்டுதுளைப்பானும் இலைநோயும் அந்தக் காப்பியை அழித்துக்கொண்டிருந்த வேளையில், காலடியில் தங்கம் என்ற பேச்சு எழுந்தால் தோட்டக்காரர்கள் சும்மா இருப்பார்களா?

1870களில் ஆல்பா என்ற கம்பெனி தேவாலாவில் பாறையை உடைத்துப் பார்த்தது. பிறகு, ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் சுரங்கத்துறையில் பெயர் பெற்ற ராபர்ட் ப்ரோ ஸ்மித்தை அரசாங்கம் வரவழைத்தது. நம்பிக்கையூட்டும் அறிக்கை ஒன்றை அவர் கொடுத்தார். அவ்வளவுதான், லண்டனில் கம்பெனி மேல் கம்பெனி முளைத்தது. பங்கு வாங்கியவர்களில் பெரும்பாலோர் இந்த மலையைக் கண்ணால் கண்டதில்லை. காப்பி போய் நொடித்திருந்த தோட்டங்கள் தங்க நிலம் என்று கொழுத்த விலைக்குக் கைமாறின. பாறையை இடித்துத் தூளாக்கும் இயந்திரங்கள் மலையேறி வந்தன. காடாகக் கிடந்த பந்தலூரில் பங்களாக்கள் எழும்பின. இரண்டு மூன்று ஆண்டுகள்தான் இந்த ஆரவாரம். குவார்ட்ஸ் என்கிற வெள்ளைப் பாறைக்குள் தங்கம் இருந்தது உண்மை. செலவுக்குக் கட்டுப்படியாகும் அளவுக்கு அது இல்லை. நிலம் வாங்கவே பெரும்பணத்தைக் கொட்டிவிட்ட கம்பெனிகள், ஒன்றன்பின் ஒன்றாக இழுத்து மூடின.

இதே காலத்தில், 1880இல்தான், மைசூர் சமஸ்தானத்துக் கோலாரிலும் ஆங்கிலக் கம்பெனி வேலையைத் தொடங்கியது. அங்கேயும் முதல் சில ஆண்டுகள் நட்டம்தான். பிறகு வளமான தங்க ரேகை அகப்பட்டது. 2001 வரை அந்தச் சுரங்கம் ஓடியது, தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக அங்கே போய் வாழ்ந்தன. ஒரே காலம், ஒரே ஆசை. தேவாலா வரைபடத்தில் சிறு புள்ளியாக நின்றுவிட்டது, கோலார் தங்கவயல் நகரமாகிவிட்டது. பூமிக்கடியில் பாறை எப்படி அமைந்திருக்கிறது என்பது பூமிக்கு மேலே எத்தனை பேருடைய வாழ்க்கையை மாற்றுகிறது என்று நான் வகுப்பில் சொல்லும்போதெல்லாம், கடைசி பெஞ்சுப் பிள்ளைகள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள்.

மழை விட்டதும் யாராவது ஒரு பையன் மின்னும் கல்லோடு வகுப்புக்கு வந்துவிடுவான். "சார், தங்கம்!" நான் பதில் சொல்லமாட்டேன். மெருகு இல்லாத ஓட்டுத் துண்டு ஒன்றைக் கொடுத்து, அதில் உரசிப் பார்க்கச் சொல்வேன். பொன்னாக இருந்தால் பொன்நிறக் கோடு விழும். இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் என்றால் கோடு கருப்பாக விழும். சுத்தியால் தட்டினால் தங்கம் தட்டையாகும், பைரைட் நொறுங்கும். எல்லாக் கற்களும் நொறுங்கியவைதான். ஆனால் அன்று முழுவதும் அந்தப் பையன்தான் வகுப்பின் ஹீரோ. நீங்களும் பிள்ளைகளோடு வந்தால், சாலையோரம் மண் வெட்டிய இடங்களில் துருப்பிடித்த நிறம் படிந்த வெள்ளைக் கற்களைத் தேடச் சொல்லுங்கள். தங்கத்துக்காக லண்டன் வரை ஓடிய கதையை அந்தக் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லலாம்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். பழைய சுரங்க வாய்கள் தோட்டங்களுக்கும் காட்டுக்கும் நடுவே இன்னும் திறந்து கிடக்கின்றன. உள்ளே போகாதீர்கள், எட்டிப்பார்க்கவும் வேண்டாம். மண் சரியும், உள்ளே காற்று இருக்காது. திருட்டுத்தனமாகத் தங்கம் தோண்டப் போய் உயிரை விட்டவர்கள் உண்டு.

தங்கம் கைவிட்ட இடத்தில் இப்போது தேயிலை. நெல்லியாளம், சேரம்பாடி என்று போனால் எங்கும் பச்சை, நடுநடுவே சில்வர் ஓக் மரம், அதில் ஏறிய மிளகுக் கொடி. இந்தப் பச்சைக்குள்ளும் ஒரு வரலாறு இருக்கிறது. 1964இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தப்படி, இலங்கை மலையகத்துத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக முடிவானது. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக 1968இல் வனத்துறை தொடங்கிய தேயிலைத் திட்டம்தான் 1976இல் டான்டீ என்ற அரசு நிறுவனமானது. என் வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைகளில் பலர் அந்தக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதி வாருங்கள் என்று வீட்டுப்பாடம் கொடுப்பேன். ஹட்டனில் லயத்து வீட்டுக்கு முன்னால் நின்ற பலாமரம், தலைமன்னாரில் கப்பல் ஏறியது, இராமேசுவரத்தில் இறங்கியதும் வரிசையில் நின்றது என்று பக்கம் பக்கமாக எழுதி வருவார்கள். திருத்த மனம் வராது. அப்படியே வைத்துக்கொள்வேன்.

அதனால், டீக்கடையில் உட்காரும்போது பக்கத்தில் இருக்கும் பெரியவரிடம் நாலு வார்த்தை பேசுங்கள். கண்டியின் கதை கிடைக்கலாம். அவர் பேச்சில் மலையாளமும் கன்னடமும் கலந்து வந்தாலும் வியக்காதீர்கள், இது மூன்று மாநிலம் கூடும் இடம். கொழுந்து பறிப்பவர்களைப் படம் எடுப்பதென்றால் முதலில் கேட்டுவிட்டு எடுங்கள். நிறுவைக்கு ஓடுகிற நேரத்தில் அவர்களை நிறுத்தாதீர்கள். நிறுவையில் ஏறுகிற எடைதான் அவர்கள் கூலியைத் தீர்மானிக்கிறது.

ஐப்பசியில் வர முடிந்தால் கூடலூரை அடுத்த புத்தூர்வயலில் புத்தரித் திருவிழா நடக்கும். வயலில் விளைந்த புது நெற்கதிரைப் பணியர்களும் குறும்பர்களும் செட்டிகளும் சேர்ந்து அறுத்துக் கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். தேயிலைக்கும் காப்பிக்கும் முன்பு இந்த மலை நெல் விளைந்த மலை என்பதை அங்கே கண்ணால் காணலாம். கோடை மழை பெய்த மறுவாரம் வந்தால் காப்பிச் செடி வெள்ளையாகப் பூத்து, தெருவெல்லாம் மல்லிகை போல மணக்கும்.

நேரம் நெருங்குகிறது, மற்றதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். முதுமலையில் தெப்பக்காடு யானைகள் முகாம். ஆஸ்கர் வாங்கிய ஆவணப்படத்தில் வந்த பொம்மனும் பெள்ளியும் ரகு என்ற குட்டியை வளர்த்த இடம் அதுதான். எல்லையைத் தாண்டிச் சுல்தான் பத்தேரி பக்கம் போனால் எடக்கல் குகை. கற்காலத்துச் செதுக்கல்களோடு தமிழ் பிராமி எழுத்துகளும் அங்கே இருக்கின்றன. மலைக்கு வர இ-பாஸ் வேண்டும், புறப்படும் முன்பே பதிவு செய்துகொள்ளுங்கள். பிளாஸ்டிக் கொண்டுவராதீர்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை இங்கே கொட்டுகிற மழை சாதாரண மழை அல்ல, தேவாலாவைத் தென்னகத்துச் சிரபுஞ்சி என்பார்கள். இருட்டிய பிறகும் விடிவதற்கு முன்பும் நடக்காதீர்கள், யானைகள் தோட்டப் பாதைகளில் வரும் நேரம் அது.

அடுத்த விடுமுறையில் ஒரு நாளையாவது எங்கள் பக்கத்துக்கு ஒதுக்குவீர்கள் என்று நம்புகிறேன். கூடலூர்ப் பேருந்து நிலையத்தில் பந்தலூர் வண்டி கிடைக்கும். சன்னலோரம் உட்காருங்கள். தேவாலா வந்ததும் பிள்ளைகளை எழுப்பிவிடுங்கள்.