ஆபத்துக்கும் தெரு வேற்றுமை உண்டு
(யூபிலி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மழை எல்லோருக்கும் பொது. பாம்பு ஆள் பார்த்துக் கடிப்பதில்லை. இப்படிச் சொல்லியே நாம் பழகிவிட்டோம். ஆனால் ஆபத்துக்கும் தெரு வேற்றுமை உண்டு.

2019 டிசம்பர் 2-ஆம் நாள் விடியுமுன், மேட்டுப்பாளையம் நடூரில் கனமழையால் உயரமான சுற்றுச்சுவர் ஒன்று சரிந்து, பக்கத்து வீடுகளில் உறங்கிய 17 பேர் மாண்டனர். மழை ஊர் முழுவதும் பெய்தது. சுவரோ தாழ்த்தப்பட்டோர் குடியிருப்பின்மேல் விழுந்தது. அவ்வளவு தூரம் போவானேன்? நம் மாவட்டத்து வேங்கைவயலில், 2022 டிசம்பரில், பிள்ளைகள் நோயுற்ற பிறகே, தாழ்த்தப்பட்ட மக்களின் குடிநீர்த் தொட்டியில் மனிதக் கழிவு கலந்திருந்தது தெரிய வந்தது.

இவை செய்தித்தாளில் வந்தவை, வராதவை எத்தனையோ! பாம்புக்கடியால் நம் நாட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 58,000 பேர் இறப்பதாக 2020-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. பெரும்பாலோர் கிராமத்தார். தரையில் படுப்பவர்கள், இருட்டில் வெளிக்குப் போகிறவர்கள், வெறுங்காலோடு வயலில் இறங்குகிறவர்கள் இவர்களுக்கே கடி அதிகம். விஷமுறிவு மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம். 108 வண்டியும் 2008 முதல் கட்டணமின்றி ஓடுகிறது. ஆனால் வண்டி தார்ச்சாலையோடு நின்றுவிட்டால் என்ன பயன்? கடிபட்டவரைக் கட்டிலில் வைத்துத் தூக்கி வருவதற்குள் உயிர் ஊசலாடுகிறது. நெடுஞ்சாலையோரம் இருப்பவருக்குத் திருச்சியே பக்கம். உட்கிராமத்தாருக்கோ கீரனூரே தூரம்.

என்ன செய்யலாம்? நம் இளைஞர்கள் சாதி, மதம் பாராமல் ஒவ்வொரு தெருவையும் ஓரிரவு நடந்து பார்க்கட்டும். எங்கே விளக்கில்லை, எந்தச் சுவர் சாய்ந்திருக்கிறது, எங்கே வண்டி நுழையாது என்று எழுதட்டும். அதைப் பேரூராட்சிக்கு மனுவாகக் கொடுப்போம். சுற்றுக் கிராமத்தார் கிராம சபையில் வைத்துத் தீர்மானமாகப் பதியச் சொல்லட்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மனு மட்டும் போதாது. பாதையோரம் நிலமுள்ளவர்கள் இரண்டு முழம் விட்டுக்கொடுத்தால் பல இடங்களில் வண்டி உள்ளே வரும். "அந்தத் தெருவுக்கு வண்டி எதற்கு?" என்று கேட்கும் நாக்கு நம்மிடையே இருக்கலாகாது. அந்த இரண்டு முழம் ஒரு தாயின் பிரசவத்துக்கும் உதவும், ஒரு பிள்ளையின் உயிரையும் காக்கும்.

விழாப் பந்தலைப் பிரிக்குமுன் இந்தக் கணக்கெடுப்பைத் தொடங்குவோம்.